முதலில் யாரை அழைத்துப்போவது? தன்பாலீர்ப்பு இணையருக்கான ஆலோசனை வழிகள்: ஓர் ஒப்பீடு

"சரி, ஆலோசகரிடம் போவோம்" என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்வதற்கே சில மாதங்கள் ஆகிவிடும். அதற்கப்புறம் வருகிற கேள்விக்குப் பெரும்பாலும் யாரும் தயாராக இருப்பதில்லை. எந்த ஆலோசனைக்கு? இருவர் மட்டும் போகும் இணையர் ஆலோசனை இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உட்காரும் குடும்ப ஆலோசனை இருக்கிறது. தனியாளாகப் போகலாம். பெற்றோரை மட்டும் அனுப்பலாம். ஆணும் பெண்ணுமான தம்பதிக்கு இந்தக் குழப்பம் அவ்வளவாக வராது. சண்டை யாருக்கு இடையிலோ அவர்கள் போவார்கள். இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழும்போது, சண்டை யாருக்கு இடையில் என்பதே சில சமயம் பிடிபடாது. இருவரும் மோதிக்கொள்வது போலத்தான் தெரியும். ஆனால் கதவுக்கு வெளியே, வேறொரு வீட்டில், ஒரு அம்மாவோ அப்பாவோ அந்தச் சண்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

நானும் என் இணையும் தவறான வரிசையில் போனவர்கள். எங்கள் இருவருக்குள் பேச வேண்டியதைப் பேசாமல், நேரே என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குடும்ப ஆலோசனைக்குப் போனோம். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் அழுதோம். ஆலோசகர் "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு" என்று முடித்துவைத்தார். அம்மா ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் எனக்குச் சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. எந்த முறை என்பதற்கு முன்னால், யார் முதலில் உள்ளே போவது என்பதை முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஒப்பீட்டுக்குள் வராத ஒன்று

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். ஈர்ப்பை "மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் சிகிச்சையை மற்றவற்றோடு வரிசையில் நிறுத்தி நிறைகுறை பார்க்க வேண்டியதில்லை. 1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் எடுத்தது. அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2009-இல், 1960 முதல் 2007 வரை வெளிவந்த 83 ஆய்வுகளைப் படித்துவிட்டு, ஈர்ப்பை மாற்றலாம் என்பதற்கு உருப்படியான சான்று இல்லை, தீங்கு நேரும் ஆபத்துதான் இருக்கிறது என்று எழுதியது. இந்த வரலாற்றில் விசித்திரமான ஆள் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர். 1973 முடிவுக்குப் பாடுபட்டவர்களில் ஒருவர். பிறகு 2003-இல், சிலர் மாறியதாகத் தெரிகிறது என்று ஓர் ஆய்வை வெளியிட்டு எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்தவரும் அவர்தான். 2012-இல் அந்த ஆய்வுக்காகத் தன்பாலீர்ப்பாளர்களிடம் மன்னிப்புக் கேட்டார். மாற்றும் வேலையையே அடையாளமாகக் கொண்டிருந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அடுத்த ஆண்டு, 2013-இல், தானும் மன்னிப்புக் கேட்டுக் கடையைக் கட்டியது.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பச்சையாக "மாற்றுகிறோம்" என்று பலகை மாட்டுகிறவர்களை அடையாளம் காண்பது எளிது. அதே சரக்கு "குடும்ப ஆலோசனை" என்ற பெயரில் வரும்போதுதான் சிக்கல். "பிள்ளைக்கு இப்போது ஒரு குழப்பம், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், எல்லாரும் ஒத்துழையுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். பெற்றோருக்கு அது இதமாக இருக்கும். அமர்வின் நோக்கமாக உறவைப் பேசுகிறார்களா, ஒருவருடைய ஈர்ப்பைப் பேசுகிறார்களா என்று பாருங்கள். ஈர்ப்பு மேசைமேல் வைத்து விவாதிக்கப்படும் பொருளாக ஆகிவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் அது அந்த வகைதான்.

இருவர் மட்டும்

இணையர் ஆலோசனைக்குப் பெரும்பாலோர் கொண்டுவரும் பிரச்சினைகள் எல்லாருக்கும் உள்ளவைதான். பணம், வீட்டு வேலை, நெருக்கம் குறைந்துபோனது, ஒருவர் எப்போதும் போனில் இருப்பது. ஓஹியோவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த லாரன்ஸ் கர்டெக் பல ஆண்டுகள் ஆண் இணைகள், பெண் இணைகள், ஆண்-பெண் தம்பதிகள் மூன்று வகையினரையும் தொடர்ந்து கவனித்தார். உறவு எதனால் இனிக்கிறது, எதனால் கசக்கிறது என்பதில் மூன்றும் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்ட இடம் ஒன்று, நம் கதைக்கு முக்கியமானது: தன்பாலீர்ப்பு இணையருக்குச் சொந்தக் குடும்பத்திலிருந்து கிடைக்கும் ஆதரவு குறைவு, நண்பர்களிடமிருந்து கிடைப்பது அதிகம்.

வீட்டு வேலை விஷயத்தில் கொஞ்சம் பெருமைப்படலாம். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் 2000-இல் ஒருபால் இணைகளைச் சட்டப்படி பதிவுசெய்யத் தொடங்கியது. பதிவுசெய்தவர்களையும், திருமணமான அவர்களுடைய உடன்பிறந்தோரையும் ஒப்பிட்டு சாலமன், ராத்பிளம், பால்சம் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் ஒருபால் இணைகள் வேலையை ஏறக்குறையச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள், ஆண்-பெண் தம்பதிகளில் பெண்தான் கூடுதலாகச் செய்தாள். யார் எதைச் செய்வது என்று ஊர் எழுதிக்கொடுத்த பட்டியல் இல்லாததால் வந்த நன்மை இது.

பட்டியல் இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. குடும்ப ஆலோசனைத் துறையைச் சேர்ந்த ராபர்ட்-ஜே கிரீன், வேலரி மிட்செல் இருவரும் 2002-இல் எழுதிய கட்டுரையில், தன்பாலீர்ப்பு இணையருக்கென்று மூன்று கூடுதல் சுமைகளைச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற, உள்ளேயும் ஊறிப்போன வெறுப்பு ஒன்று. சுற்றிலும் ஆதரவு வலை இல்லாதது இன்னொன்று. மூன்றாவது, உறவின் எல்லை எதுவென்று தெளிவில்லாதது. நாம் எப்போதிருந்து இணை? எதுவரை இணை? என் அப்பா படுத்துவிட்டால் நீ வந்து பார்க்க வேண்டுமா? பிரிந்தால் யார் எதை எடுத்துக்கொள்வது? கல்யாணம் செய்தவர்கள் இவற்றில் பாதியைப் பேசாமலே கடந்துவிடுகிறார்கள், ஊரே அவர்களுக்காகப் பேசி வைத்திருக்கிறது. நமக்கு ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் விட்டால், ஒருவர் ஒன்று நினைத்துக்கொண்டிருப்பார், மற்றவர் வேறொன்று.

சான் பிரான்சிஸ்கோ பகுதியில் காலீன் ஹாஃப் தலைமையில் 556 ஆண் இணைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டுகிறது. இணைக்கு வெளியே யாரோடும் பாலுறவு கூடாது என்று ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் 45 விழுக்காடு. வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் செய்திருந்தவர்கள் 47 விழுக்காடு. மிச்சம் 8 விழுக்காட்டினர்தான் என் கண்ணில் பட்டவர்கள்: ஒப்பந்தம் என்ன என்று கேட்டால் இருவரும் இரண்டு விதமாகச் சொன்னவர்கள். இணையர் ஆலோசனையின் முதல் வேலையே இதுதான் என்று தோன்றுகிறது. இருவரும் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதை ஒரே அறையில், ஒரே வாக்கியத்தில் சொல்ல வைப்பது. ஒப்பந்தம் திறந்ததா மூடியதா என்று ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த உறவு என்றதுமே அதுதான் நோய் என்று முடிவுகட்டுகிறவரிடம் மேலும் போக வேண்டாம்.

இன்னும் அதிகமாக நான் கேள்விப்படுகிற சண்டை ஒன்று இருக்கிறது. ஒருவர் வீட்டில் சொல்லிவிட்டார், மற்றவர் சொல்லவில்லை. சொன்னவருக்குத் தன்னை "ஃப்ரெண்ட்" என்று அறிமுகப்படுத்தும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது. சொல்லாதவருக்கு ஒவ்வொரு போன் அழைப்பும் பரீட்சை, பக்கத்து அறையில் யாராவது இருமினால்கூட "யாரது?" என்று கேட்கப்படும். வருஷக்கணக்கில் இதை இழுத்த பிறகு, சொன்னவர் "நீ என்னை மறைக்கிறாய், அப்படியென்றால் உனக்கு என்மேல் வெட்கம்" என்பார். சொல்லாதவர் "உன் வீடு வேறு, என் வீடு வேறு" என்பார். இரண்டுமே உண்மை. இந்தக் கட்டத்தில்தான் பலர் குடும்ப ஆலோசனைக்குத் தாவுகிறார்கள், பெற்றோர் ஒப்புக்கொண்டால் சண்டை தீர்ந்துவிடும் என்று. தீராது. பெற்றோர் ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததும் பெற்றோர் கையில் இருக்கிறது. அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கிக்கொள்வது என்பதை இருவரும்தான் பேச வேண்டும். சொல்லத் தயாராகாதவரைச் சொல்ல வைக்கும் வேலையை ஆலோசகரிடம் ஒப்படைக்கவும் கூடாது. வேலை போகும், வீட்டைவிட்டு அனுப்புவார்கள், அடி விழும் என்ற நிலையில் இருப்பவருக்கு மௌனம்கூட ஒரு பாதுகாப்பு.

முறைகள் மூன்று

ஆலோசகர்கள் பெயர் சொல்லும் முறைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனின் முறை சண்டை போடும் விதத்தைப் பார்க்கிறது. குறை சொல்வது, இளக்காரம் பேசுவது, தற்காப்புக்குத் தாவுவது, சுவர்போல மௌனமாகிவிடுவது என்று நான்கு கெட்ட பழக்கங்களை அவர் அடையாளம் காட்டுகிறார். அவற்றில் மோசமானது இளக்காரம். நமக்கு இதில் தனி ஆர்வம் வரக் காரணம், அவரும் ராபர்ட் லெவன்சனும் 21 ஆண் இணைகளையும் 21 பெண் இணைகளையும் 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டதுதான். ஒருபால் இணைகள் மனத்தாங்கலைப் பேசத் தொடங்கும்போது கூடுதலாக நகைச்சுவையும் பாசமும் கலந்து தொடங்கினார்கள். மிரட்டல், அடக்கியாளுதல் குறைவாக இருந்தது. எதிராளி சொன்னதை அவ்வளவாக மனதில் வைத்துக் குமையவில்லை. பெண் இணைகள் கோபத்தையும் சிரிப்பையும் இரண்டையுமே அதிகமாகக் காட்டினார்கள். ஆண் இணைகளிடம் ஒரு பலவீனம் தெரிந்தது: பேச்சைத் தொடங்குபவர் ஒரு அளவுக்கு மேல் கடுமையாகிவிட்டால், மற்றவரால் அதைத் தணிக்க முடிவதில்லை. 42 இணைகள் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதையும் மறக்கக் கூடாது. 2017-இல் இதே முறையில் சிகிச்சை பெற்ற 106 ஒருபால் இணைகளைப் பற்றிய ஆய்வில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. எதையும் பயிற்சிபோலச் செய்து பார்க்கப் பிடிப்பவர்களுக்கு, வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்கிறவர்களுக்கு, இது ஒத்துவரும்.

உணர்ச்சியை மையமாக வைத்த, இ.எஃப்.டி. என்று சுருக்கிச் சொல்லும் முறை 1980-களில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பர்கும் உருவாக்கியது. சண்டையின் தலைப்பை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒருவர் துரத்துகிறார், மற்றவர் விலகுகிறார். துரத்துவதால் விலகல் கூடுகிறது, விலகுவதால் துரத்தல் கூடுகிறது. இந்தச் சுழலைக் கண்டுபிடித்து, அதற்கு அடியில் கிடக்கும் பயத்தை ஒருவர் மற்றவரிடம் சொல்ல வைப்பதுதான் வேலை. வழக்கமாக 8 முதல் 20 அமர்வுகள். வீட்டில் சொன்னவர்-சொல்லாதவர் சண்டைக்கு நான் பார்த்தவரையில் இதுதான் பொருந்துகிறது. "எப்போது சொல்வாய்?" என்ற கேள்விக்குள் "என்னை விட்டுவிடுவாயா?" என்ற கேள்வி ஒளிந்திருக்கும். சின்ன வயதில் வீட்டாரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பயம் ஒரு படி கூடுதலாகவே இருக்கும். அழுகை வராதவர்கள், உணர்ச்சியைப் பற்றிப் பேசினாலே நெளிகிறவர்கள் முதல் நான்கு அமர்வுகளில் சலித்துவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேக்கப்சனும் உருவாக்கிய ஒருங்கிணைந்த நடத்தை முறை. மாற வேண்டியதை மாற்று, மாறாததைச் சேர்ந்து தள்ளிநின்று பார், என்பது அதன் போக்கு. அதைப் பரிசோதித்த பெரிய ஆய்வில் கலந்துகொண்ட 134 இணைகளும் ஆண்-பெண் தம்பதிகள். அதனால் நமக்கு உதவாது என்று அர்த்தமில்லை. உறவின் இயக்கம் ஒன்றுதான் என்பதைக் கர்டெக் காட்டியிருக்கிறார். ஆனாலும் வெளியுலக அழுத்தம் என்ற பகுதியை ஆலோசகர் தானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

போகிற போக்கில் ஒரு பழைய முத்திரையைப் பற்றி. 1980-இல் க்ரெஸ்டன், பெப்கோ இருவரும் பெண் இணைகள் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துபோகும் அபாயம் பற்றி எழுதினார்கள். அந்தக் கருத்து வெகுகாலம் ஆலோசகர்களின் மண்டையில் உட்கார்ந்திருந்தது. நெருக்கமான இரண்டு பெண்களைப் பார்த்தாலே "கொஞ்சம் இடைவெளி விடுங்கள்" என்பார்கள். கிரீனும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் அளந்து பார்த்தபோது, பெண் இணைகளிடம் நெருக்கமும் அதிகம், வளைந்துகொடுக்கும் தன்மையும் அதிகம், நிறைவும் அதிகம். இடைவெளி விடச் சொல்லி எங்களுக்கும் ஒருவர் அறிவுரை சொன்னார். நாங்கள் ஏற்கெனவே இரண்டு ஊர்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

குடும்பத்தோடு

குடும்ப ஆலோசனையின் தேவையை யாரும் குறைத்துப் பேச முடியாது. சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் ரையன் நடத்தும் குடும்ப ஏற்புத் திட்டம் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 21 முதல் 25 வயதுவரையிலான 224 பேர். வளரும் பருவத்தில் குடும்பத்தால் கடுமையாக நிராகரிக்கப்பட்டவர்கள், நிராகரிப்பே இல்லாதவர்கள் அல்லது குறைவாக இருந்தவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு. ரையன் குழுவினர் ஏற்பு, நிராகரிப்பு என்ற பெரிய வார்த்தைகளை விட்டுவிட்டு, அன்றாடத்தில் பெற்றோர் செய்யும் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் செயல்களைப் பட்டியலிட்டார்கள். நண்பர்களை வீட்டுக்கு வரவிடாதது ஒன்று. விசேஷத்துக்கு அழைக்காதது ஒன்று. மற்றவர்கள் கேலி செய்யும்போது வாய் திறந்து தடுப்பது இன்னொரு பக்கத்தில் ஒன்று. எனக்கு இது மிகவும் உதவியது. அம்மா "ஏற்றுக்கொள்ள" வேண்டும் என்று நான் காத்திருந்தது மலையைக் கேட்டதுபோல. "அவளுக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒரு தடவை கேட்பது அவருக்கு முடிகிற காரியம்.

அப்படியானால் எல்லாரும் ஏன் சேர்ந்து போகக் கூடாது? போகலாம், உடனே வேண்டாம். பிள்ளை பல வருடங்கள் தனக்குள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் வீட்டில் சொல்கிறது. பெற்றோருக்கு அது முதல் நாள். பிள்ளையின் இரண்டாம் அத்தியாயமும் பெற்றோரின் முதல் பக்கமும் ஒரே மேசைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் அந்த ஒரு மணி நேரமே சாட்சி. பெற்றோர் வாயிலிருந்து முதலில் வருவது அதிர்ச்சி, பயம், "நான் எங்கே தப்பு செய்தேன்", உறவினர் என்ன சொல்வார்கள் என்ற கவலை. அவர்கள் அதையெல்லாம் எங்காவது கொட்டத்தான் வேண்டும். பிள்ளையின் முன்னால் கொட்டினால், பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுக்க மறக்காத வாக்கியங்களாக ஆகிவிடுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிற முறை, கை டயமண்டும் அவருடைய குழுவும் உருவாக்கிய, பாசப் பிணைப்பை அடிப்படையாகக் கொண்ட குடும்பச் சிகிச்சை. அதில் ஐந்து கட்டங்கள். முதலில் எல்லாரும் சேர்ந்து, உறவைச் சரிசெய்வதுதான் நோக்கம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்தது பிள்ளையோடு தனியாக. மூன்றாவது பெற்றோரோடு தனியாக. அதற்கப்புறம்தான் நான்காவதாக நேருக்கு நேர் உட்கார்ந்து பழைய காயங்களைப் பேசுவது. ஐந்தாவது, பிள்ளை தன் காலில் நிற்பது. தற்கொலை எண்ணம் இருந்த தன்பாலீர்ப்பு இளையோருக்காக இதை மாற்றியமைத்து 2012-இல் வெளியிட்டபோது, பெற்றோரோடு தனியாகச் செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள். முதல் சோதனையில் பங்கேற்றது 10 பேர்தான், 12 வாரங்கள். தற்கொலை எண்ணமும் மனச்சோர்வும் குறைந்தன. எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் பெற்றோருக்குத் தனி நேரம் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது எனக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். பிறகு இஸ்ரேலில் கேரி டயமண்ட் இதை வயது வந்த பிள்ளைகளுக்கும் ஏற்காத பெற்றோருக்கும் கொண்டுபோனார். ஆக, முப்பது வயதுக்கு மேல் எதற்குக் குடும்ப ஆலோசனை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி: அந்த அறைக்குள் இணையும் வர வேண்டுமா? என் பதில், ஆரம்பத்தில் வேண்டாம். பெற்றோருக்கு எதிரே அமரும் இணை, கூண்டில் நிற்கும் சாட்சிபோல ஆகிவிடுகிறார். "இவளால்தான்" என்ற வாக்கியத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. பெற்றோர் பெயர் சொல்லி விசாரிக்கத் தொடங்கிய பிறகு வரலாம். இருவரும் சேர்ந்து குழந்தை வளர்க்கும் வீடு என்றால் கணக்கு வேறு. அங்கே குடும்பம் என்பதே அந்த இருவரும் குழந்தையும்தான். பெற்ற தாய் யார், பெறாத தாய் யார் என்று பள்ளியும் உறவினரும் கேட்கும்போது, பெறாதவரின் இடம் ஆட்டம் காணும். அதைப் பேச இருவரும் முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும்.

பெற்றோர் மட்டும், தனியாள் மட்டும்

ஆலோசகரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெற்றோர், இன்னொரு பெற்றோரோடு பேசச் சம்மதிப்பார்கள். 1972-இல் நியூயார்க் ஊர்வலத்தில் தன் மகனோடு, பெற்றோர்களே பிள்ளைகளுக்காக ஒன்றுசேருங்கள் என்ற அட்டையைப் பிடித்து நடந்த ஜீன் மான்ஃபோர்டு, அடுத்த ஆண்டு ஒரு தேவாலயத்தில் சுமார் இருபது பேரைக் கூட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தன்பாலீர்ப்பாளர்களின் பெற்றோருக்கான பிஃப்ளாக் அமைப்பு. இப்படிப்பட்ட பெற்றோர் குழு எதற்கும் சிகிச்சைத் தகுதி கிடையாது. ஆனால் "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்வதை எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது. என் அம்மா இறங்கிவந்தது அங்கேதான். ஆலோசகருக்கு அதில் பங்கில்லை.

தனியாள் ஆலோசனையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தன்னைப் பற்றித் தனக்கே வெறுப்பு, தூக்கமின்மை, பழைய வன்முறை, தற்கொலை எண்ணம் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் அது. இன்னொரு சூழலிலும் தனியாள் ஆலோசனை மட்டும்தான் சரி: இணையே அடிப்பவராக, கட்டுப்படுத்துபவராக இருந்தால். "உன்னைப் பற்றி உன் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டலும் வன்முறைதான், அது நம் உறவுகளுக்கே உரிய வன்முறை. அப்படிப்பட்டவரோடு சேர்ந்து உட்கார்ந்து மனம் திறந்தால், திறந்தது அன்றிரவு ஆயுதமாகத் திரும்பி வரும்.

ஆலோசகர் யார்

தன்பாலீர்ப்பாளராகவே இருக்கும் ஆலோசகர் வேண்டும் என்று பலர் தேடுகிறார்கள். விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் சமூகம் சின்னது. ஆலோசகரை நண்பர் வீட்டு விருந்தில் சந்திக்க நேரிடும், அல்லது உங்கள் முன்னாள் இணையும் அவரிடமே போய்க்கொண்டிருப்பார். மற்ற ஆலோசகர்களில், "நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறேன்" என்பவரைவிட "எனக்கு இதில் பயிற்சி உண்டு, இத்தனை இணைகளோடு வேலை செய்திருக்கிறேன்" என்பவர் மேல். நடுநிலை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆய்வாளர் இலான் மேயர் 2003-இல் விரிவாக எழுதியது போல, ஒதுக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு, மறைத்து வாழ்வது, வெறுப்பு உள்ளேயே ஊறுவது எல்லாம் சேர்ந்து சிறுபான்மையினர் மேல் ஓயாத அழுத்தமாக விழுகின்றன. அந்த அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காத நடுநிலை, சரிந்த தராசை நேராக இருப்பதாக நினைப்பது.

முதல் போனிலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள். ஈர்ப்பை மாற்றுவது பற்றி உங்கள் நிலை என்ன? "இல்லை, செய்ய மாட்டேன்" என்று உடனே வர வேண்டும், "கிளையன்ட் விரும்பினால்..." என்று இழுத்தால் வைத்துவிடலாம். தனித்தனியாக உங்களிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா? சில ஆலோசகர்கள் இணையர் ஆலோசனையில் ரகசியம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், சிலர் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் தொழில்முறையில் ஏற்கப்பட்டதுதான், ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டும். பெற்றோரோடு சேர்த்துப் பார்ப்பதற்குமுன் தனியாகப் பார்ப்பீர்களா? வீடியோ வழியாகப் போவதாக இருந்தால் நான்காவதாக ஒன்று, உங்களிடமே நீங்கள் கேட்க வேண்டியது: கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறதா?

அப்புறம், நான் யாருக்காவது சொல்வதாக இருந்தால் இப்படித்தான் சொல்வேன். இருவருக்குள் வீட்டில் சொல்வதைப் பற்றிய சண்டை என்றால், முதலில் இருவர் மட்டும், இ.எஃப்.டி. தெரிந்தவரிடம். சண்டை விதமே மோசம், தலைப்பு எதுவானாலும் கத்தலில் முடிகிறது என்றால் காட்மன் முறை. பதின்வயதுப் பிள்ளை, வீட்டில் நிராகரிப்பு, உயிருக்கு ஆபத்தான எண்ணம் என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் பிள்ளைக்கு உதவி, கூடவே பெற்றோருக்குத் தனியாக, பிறகு சேர்த்து. வயது வந்த பிள்ளை, தூரத்தில் இருக்கும் பெற்றோர் என்றால் பெற்றோர் குழு முதலில். ஆலோசகரின் அறைக்கு அவசரமில்லை.

எங்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழாக நடந்து, பின்னால் நிமிர்ந்தது. நாங்கள் இருவரும் பதினான்கு அமர்வுகள் போனோம். அம்மா தன் குழுவுக்குப் போனார். இரண்டாவது முறை மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்தபோது, ஆலோசகர் வாயைத் திறப்பதற்கு முன்பே அம்மா என் இணையைப் பார்த்து, "உங்க அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றாள். அந்த அமர்வு முழுக்க அம்மா அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார், எப்படிச் சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்று.